வரிக்கு நாற்பது எழுத்து

தோ பாயோ, பதினொன்றாம் மாடி.
மணி இரவு ஒன்று நாற்பது.
எதிர் புளோக்கின் குழல்விளக்குகள்
மாடிக்கு ஒரு வரிசையாய் எரிகின்றன.
என் திரையில் குகை.

வேலை இதுதான்:
ஐம்பத்திரண்டு நிமிட ஆவணப்படம்,
அவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதற்குத்
தமிழில் அடிவரி.
வரிக்கு நாற்பது எழுத்து. இரண்டு வரிக்கு மேல் கூடாது.
"நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்" என்று
தொடங்கும்போதே
மூச்சு பாதி போய்விடுகிறது.
இது இரண்டாம் சுற்று. காலை ஒன்பதுக்குக் கோப்பு போகவேண்டும்.

தெற்கே, கடல் தாண்டி, சுண்ணாம்புக் குன்றுக்குள்
ஒரு பெண் முழங்காலால் ஊர்ந்து போகிறார்.
தலைவிளக்கு திரும்பும் இடமெல்லாம் கல்.
கல். கல்.
பிறகு கைகள்.
எட்டு மணி ரயிலில் கம்பிக்கு நீள்வதுபோல
ஒன்றின்மேல் ஒன்றேறி, இடம் கேட்டு.

ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது.
கைத்தடம் என்றால் அழுத்தி எடுத்ததாகிவிடும்.
இங்கே கை பதியவே இல்லை.
கையைச் சுற்றித்தான் சிவப்பு;
கை இருந்த இடம் வெறும் பாறை.
கைநாட்டு என்று அடித்துப் பார்த்தேன்.
எழுதத் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் சொல்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.

எப்படிச் செய்தார்களாம்?
காவிக்கல்லை இடித்து, நீர்விட்டு,
வெற்றிலைபோல் வாயில் குதப்பி
விரித்த கைமேல் ஊதினார்கள்.
எங்கள் மின்தூக்கிச் சுவரில் ஊதினால்
கேமரா பிடிக்கும், அபராதச் சீட்டு வரும்,
மறுநாளே ஒருவர் வாளியோடு வருவார்.
இந்தப் புளோக்குக்கு இப்போது பச்சை.
அதனடியில் நீலம்.
நான் குடிவந்தபோது அது ஒருமாதிரிப் பழுப்பு.
இந்தத் தீவில் அப்படியொரு குகை இல்லை;
இருந்த குன்றுகள் சிலவற்றையும்
வெட்டிக் கடலில் கொட்டி
நிலமாக்கிக்கொண்டோம்.

பன்றி வருகிறது. வயிறு பருத்து, கால் சிறுத்து,
முகத்தில் இரண்டு மருவோடு.
"பன்றியை எழுதினார்கள்" என்று போட்டிருந்தேன்.
பழந்தமிழில் ஓவியத்தை எழுதத்தானே செய்தோம்.
கண்ணுக்கு மை எழுதினோம்,
தோளில் தொய்யில் எழுதினோம்.
மஞ்சள் கோடிட்டுத் திரும்பி வந்தது:
பிழை. வரைந்தார்கள்.
மத்தியானம் ஜெய்னுலைக் கூப்பிட்டேன்.
"அக்கா, பன்றி என்ன கடுதாசியா, எழுதுவதற்கு?"
சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வாதாட முடியாது.
இரண்டுக்கும் ஏழே எழுத்து,
இடமில்லை என்றும் சொல்ல வழியில்லை.
பன்றியை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன்.

முப்பத்தெட்டாம் நிமிடத்தில் ஒரு சிறிய கை.
சுண்டுவிரல் பாதியில் நிற்கிறது.
வெட்டுப்பட்டதா, மடக்கிக்கொண்டதா?
குளிரா, விளையாட்டா, வேண்டுதலா?
அந்தப் பெண் பாறையைப் பார்க்கிறார்,
கேமராவைப் பார்க்கிறார்.
"தெரியாது."
நாலே எழுத்து. மூன்று நொடி நிற்கலாம்.
படம் முழுவதிலும் எனக்குப் பிடித்த அடிவரி.
அதில் மட்டும் ஜெய்னுல் கைவைக்கவில்லை.

நாற்பத்தொன்பதில் அவர் விளக்கை அணைக்கிறார்.
பதினோரு நொடி. பேச்சில்லை.
காது கேளாதவர்களுக்காக நான் போடவேண்டியது:
நீர் சொட்டும் ஓசை.
போட்டேன்.
இருட்டின் அடியில் வெள்ளை எழுத்து;
அப்போது அந்தக் குகைக்கு
அதுதான் வெளிச்சம்.
கறுத்த திரையில், மேலே வலப்பக்கம்,
என் கட்டைவிரல் தெரிந்தது,
இரவு தின்ற புரோட்டாவின் எண்ணெயில்
சுழி சுழியாக.

துடைக்கத் துணி தேடினேன்.
அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.